கூரையைத் தோளில் தாங்கும் நால்வர்

[காட்சி: வெள்ளை மண்டபம். கேமரா ஒரு கற்சிலையின் முகத்தை மெல்ல நெருங்குகிறது.]

இந்த முகத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். கழுத்து குனிந்திருக்கிறது. தோள்கள் முறுக்கேறியிருக்கின்றன. அவற்றின் மேல் இறங்குவது ஒரு மாளிகையின் வளைவுக் கூரை. இவரைப் போல இன்னும் மூவர் இங்கே நிற்கிறார்கள். இடம், வியன்னாவின் மேல் பெல்வெடியர் அரண்மனை. தரைத்தளத்திலுள்ள இந்தக் கூடத்தின் பெயர் சாலா தெர்ரெனா.

[காட்சி: தோட்டச் சரிவு, மேட்டில் மாளிகை.]

இதைக் கட்டுவித்தவர் அரசர் அல்லர். சவாய் குடும்பத்து இளவரசர் யூஜின் என்னும் படைத்தளபதி. பிரான்சின் பதினான்காம் லூயி தம் படையில் சேர்க்க மறுத்த இளைஞர் அவர். ஆஸ்திரியாவுக்குப் போய், ஐரோப்பாவே வியந்த தளபதியானார். சரிவின் அடியில் கீழ் பெல்வெடியரை அவர் வசிப்பதற்கும், மேட்டில் இந்த மாளிகையை விருந்துக்கும் வரவேற்புக்குமாக வடிவமைத்தவர் ஹில்டெபிரான்ட் என்னும் கட்டடக் கலைஞர். மேல் மாளிகையின் வேலை 1717இல் தொடங்கி 1723 வரை நடந்தது.

ஹில்டெபிரான்டின் திறமையைப் படிக்கட்டில் காணலாம். தெற்கு வாசல் வழியே நுழைந்தால், படிகளின் அடியில் அல்ல, இடைப்பட்ட உயரத்தில் நிற்பீர்கள். நடுவே ஒரு வரிசை கீழே சாலா தெர்ரெனாவுக்கு இறங்குகிறது. இரு பக்க வரிசைகள் பளிங்கு மண்டபத்துக்கு ஏறுகின்றன. நிலத்தின் சரிவை மறைக்காமல், அதையே வரவேற்பாக மாற்றிவிட்டார். இந்த மாளிகையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

[காட்சி: மீண்டும் நான்கு சிலைகள்.]

இப்போது அந்த நால்வரிடம் வருவோம். பரோக் என்னும் அந்தக் கால ஐரோப்பிய ஆடம்பரப் பாணியில் எழுந்த கட்டடம் என்றாலே அலங்காரம் என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் முதலில் இந்தக் கூடத்தில் இவர்கள் இல்லை. நடுவில் தூண்களும் இல்லை. 1732–33 குளிர்காலத்தில் கூரை இடிந்து விழும் நிலைக்கு வந்தது. அதைத் தாங்க நான்கு தூண்கள் தேவைப்பட்டன. அவற்றை லொரென்சோ மத்தியெல்லி அட்லஸ் உருவங்களாகச் செதுக்கினார். வானத்தைச் சுமந்த கிரேக்கப் புராண அட்லஸ், இங்கே உண்மையாகவே ஒரு கூரையைச் சுமக்கிறார். அவசரத்துக்குக் கொடுத்த முட்டுதான், அரண்மனையின் மிக அழகிய கூடத்தை நமக்குத் தந்திருக்கிறது.

[காட்சி: செம்பழுப்புப் பளிங்குச் சுவர்கள், பொன் பூச்சு, மேல்விதானம்.]

மேலே, இரண்டு தளங்களின் உயரத்துக்கு எழும் பளிங்கு மண்டபத்தில் எல்லாமே தலைகீழ். விதானத்தின் விளிம்பைச் சுற்றித் தெரியும் கட்டட உறுப்புகளில் எதுவும் கல் இல்லை; கயேத்தானோ ஃபாந்தியின் தூரிகை வேலை. நடுவில் திறந்த வானத்தையும் யூஜினின் புகழையும் கார்லோ கார்லோனே வரைந்திருக்கிறார். ஈரச் சுண்ணாம்புப் பூச்சு காய்வதற்குள் வண்ணம் ஏற வேண்டும் என்பதால், இத்தகைய ஓவியத்தை அன்றன்றைக்குப் பூசிய பகுதியில் அன்றன்றே முடித்தாக வேண்டும். அப்படித் துண்டு துண்டாக வரைந்தும், கூரை இருந்த இடத்தில் வானம் இருப்பதாக நம்ப வைக்கிறார்கள்.

கீழே சிலைகள் பாரத்தைச் சுமக்கின்றன. மேலே ஓவியம் அந்தப் பாரத்தையே கண்ணிலிருந்து அகற்றிவிடுகிறது. 1955 மே 15 அன்று ஆஸ்திரியாவுக்கு மீண்டும் முழு இறையாண்மை தந்த ஒப்பந்தம் கையெழுத்தானதும் இந்தப் பளிங்கு மண்டபத்தில்தான்.

[காட்சி: படிகளில் ஏறும் கூட்டம். கேமரா மட்டும் கீழே இறங்குகிறது.]

இன்று பலர் இங்கே வருவது கிளிம்ட் வரைந்த 'முத்தம்' ஓவியத்தைப் பார்க்க. நீங்களும் பாருங்கள். அதற்கு முன் சாலா தெர்ரெனாவில் நின்று, அந்த நால்வரின் முதுகுப் பக்கமும் ஒருமுறை சுற்றி வாருங்கள்.