வெயிலும் வறட்சியும் கைகோத்தா

எல்லாருக்கும் வணக்கங்க. வறட்சின்னா ரெண்டு மூணு வருஷம் மழை பொய்ச்சு, ஏரி குளமெல்லாம் வத்தி, மெதுவா வர்றதுன்னு தான் நம்ம மனசுல பதிஞ்சிருக்கு. ஆனா ஒரு மாசம் ஒன்றரை மாசத்துக்குள்ளயே மண்ணோட ஈரத்த மொத்தமா காலி பண்ணிட்டுப் போற வறட்சியும் இருக்கு, ஃபிளாஷ் டிரவுட்னு சொல்றாங்களே, அது.

2012ல அமெரிக்காவுல நடந்தத எடுத்துக்கோங்க. அயோவா, நெப்ராஸ்கா, கன்சாஸ் எல்லாம் மக்காச்சோள பூமி. அந்த வருஷம் மார்ச்லயே நல்ல சூடு, அதனால சீக்கிரமே விதைச்சாங்க, பயிரும் ஜோரா வந்துச்சு, மே மாசம் வந்த பருவ கணிப்புலயும் இப்படி ஒரு வறட்சி வரப்போகுதுன்னு இல்ல. ஜூன்ல கூட ஏக்கருக்கு 166 புஷல் வரும்னு விவசாயத் துறை சொல்லுச்சு. கடைசியில கைக்கு வந்தது 123 சொச்சம் தான். புஷலுக்கு 25 கிலோன்னு வெச்சாலே ஏக்கருக்கு ஒரு டன்னுக்கு மேல போச்சுங்க.

மழை குறைஞ்சது நிஜம் தான், ஆனா மழை மட்டும் காரணமில்ல. காத்து ஒரு டிகிரி சூடானா சுமார் 7 சதவீதம் கூடுதலா நீராவிய தாங்கும், அதாவது காத்தோட தாகம் ஏறிடும். மேகமே இல்லாத வானம், சூடான காத்து, பயிர் வேர் வழியா உறிஞ்சி உறிஞ்சி இலை வழியா விட்டுக்கிட்டே இருக்கும். ஈரம் இருக்கற வரைக்கும் அப்படி ஆவியாகறதே நிலத்த குளுமையா வெச்சிருக்கும், மண்பானை கசிஞ்சு தண்ணிய குளுமையாக்கற மாதிரி. ஈரம் தீந்துபோச்சுன்னா அதே வெயில் நிலத்தயும் காத்தையும் நேரா சூடாக்குது, அந்தச் சூடு மிச்சமிருக்கற ஈரத்தயும் இழுக்குது, இப்படி ஒண்ண ஒண்ணு ஏத்திவிட்டுக்கிட்டே போகும். அந்த ஜூலை, 1936 ஜூலையோட ரெக்கார்டயே உடைச்சு, அதுவரைக்கும் அமெரிக்கா பாத்த மாசத்துலயே சூடான மாசம்னு அப்போ அறிவிச்சாங்க.

நேரத்த தான் பாருங்க. மக்காச்சோளம் கரு பிடிக்கறதும் அந்த ஜூலையில தான். கதிர் நுனியில வர்ற நூல் ஈரமா இருந்தா தான் மகரந்தம் ஒட்டி உள்ள இறங்கும், ஒவ்வொரு நூலுக்கும் ஒரு மணி. நூல் காஞ்சா அந்த மணி இல்ல. தோகைய உரிச்சுப் பாத்தா பொக்கை வாய் மாதிரி இங்கொண்ணும் அங்கொண்ணுமா நிக்கும், அதுக்கப்புறம் எவ்வளவு மழை பேஞ்சாலும் அந்த இடம் நிரம்பாது. ஆறு மாசம் நல்லா மழை பேஞ்சும் அந்த ரெண்டு வாரம் தப்புனா போச்சு, இத நெனச்சா எனக்கு வயிறு எரியுது.

அதனால மழைமானிய மட்டும் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறது பத்தவே பத்தாதுன்னு அடிச்சு சொல்றேன். பயிர் வாடுறதுக்கு முன்னாடியே இலையோட சூடு ஏறிடும், பச்சையா இருக்கும்போதே சாட்டிலைட் அத அகச்சிவப்புல பிடிச்சிடுது, எவ்வளவு ஆவியாகுதுன்னும் கணக்குப் போடறாங்க. அந்தத் தகவல் மாசக் கடைசியில ரிப்போர்ட்டா வந்து என்ன புண்ணியம், வாரா வாரம் விவசாயி கைக்குப் போகணும், போனா தான் கொஞ்சநஞ்சம் இருக்கற பாசனத்தண்ணிய அந்த பூக்கற வாரத்துக்குன்னு அவரு ஒதுக்கி வைக்க முடியும்.