பொம்மைக்காகத் திறந்த வாசல்

நேயர்களுக்கு வணக்கம். கணினி வலையமைப்பைப் பாடமாகச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. இன்று கையடக்க விளையாட்டுக் கருவிகளைப் பற்றியும், அவற்றுக்காக நம் வீட்டு வைஃபையில் நாம் செய்துவிடும் ஒரு தவறைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன்.

சென்ற கோடை விடுமுறையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகன் கையில் ஒரு நின்டெண்டோ டிஎஸ். புத்தகம்போல விரியும், மேலும் கீழுமாக இரண்டு திரைகள் இருக்கும், அதுதான். சிங்கப்பூரிலிருந்து வந்த அவனுடைய சித்தப்பா, தம் பிள்ளைகள் விளையாடி வளர்ந்த கருவியைப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். பையனுக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. ஆனால் இரண்டு நாளாக வைஃபை இணைப்பு கிடைக்கவில்லை. "பாஸ்வேர்டைச் சரியாகத்தான் போடுகிறேன் மாமா" என்று அவன் சொன்னபோது கண் கலங்கியிருந்தது.

அவன் சரியாகத்தான் போட்டிருந்தான். அந்தக் கருவிக்குத்தான் நம் காலத்துப் பூட்டு எதுவும் தெரியாது.

மறுநாள் இணைய இணைப்பு கொடுத்த நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்தார். ரூட்டரின் அமைப்புகளைத் திறந்தார், பாதுகாப்பு என்ற இடத்தில் டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பூட்டு இருந்ததை டபிள்யூஇபி என்ற மிகப் பழைய பூட்டாக மாற்றினார். ஐந்தே நிமிடம். கருவி இணைந்துவிட்டது, பையன் துள்ளினான், அக்கா காபி கொடுத்து அனுப்பினாள். மாலையில் நான் என் போனை எடுத்துப் பார்த்தேன். அக்கா வீட்டு வைஃபை பெயருக்குக் கீழே 'பலவீனமான பாதுகாப்பு' என்று சின்ன எழுத்தில் ஒரு வரி. அதே வைஃபையில்தான் அத்தான் வங்கிக் கணக்கைப் பார்க்கிறார், அக்கா மின்கட்டணம் கட்டுகிறாள், வாசல் கேமராவும் ஓடுகிறது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்.

டபிள்யூஇபி என்பது 1997-இல் வைஃபையோடு கூடவே பிறந்த பூட்டு. அது எப்படி உடைகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது தெரிந்தால்தான் என் பதற்றம் உங்களுக்குப் புரியும். காற்றில் போகும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்துக்கும் ஓர் எண் ஒட்டப்படுகிறது. அந்த எண்ணையும் நீங்கள் வைத்த கடவுச்சொல்லையும் சேர்த்துத்தான் அந்தப் பொட்டலம் பூட்டப்படும். எண் மட்டும் ஒளிவுமறைவு இல்லாமல் பொட்டலத்தின் முகப்பிலேயே போகிறது. இருக்கக்கூடிய எண்கள் மொத்தம் 1,67,77,216. பெரிய தொகையாகத் தெரியும். பரபரப்பான ஒரு வைஃபையில் சில மணி நேரத்தில் அத்தனையும் தீர்ந்து, பழைய எண்களே திரும்ப வரத் தொடங்கும். அதைவிடக் கொடுமை, கடவுச்சொல்லின் எழுத்துகள் பூட்டப்பட்ட பொட்டலங்களிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகின்றன. இந்தக் கசிவை 2001-இல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் என்ற மூன்று ஆய்வாளர்கள் எழுதிக் காட்டினார்கள். 2007-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு நிமிடத்துக்குள் டபிள்யூஇபி சாவியை எடுத்துவிட முடியும் என்று செய்தே காட்டினார்கள். தெருவில் நிற்கும் காரில் ஒரு மடிக்கணினி இருந்தால் போதும்.

இப்போது ஆண்டுகளைக் கவனியுங்கள். பூட்டு உடைந்தது என்று உலகுக்குத் தெரிந்தது 2001. மாற்றுப் பூட்டான டபிள்யூபிஏ வந்தது 2003. டபிள்யூபிஏ2 வந்தது 2004. நின்டெண்டோ டிஎஸ் விற்பனைக்கு வந்தது 2004 நவம்பர். உடைந்த பூட்டை மட்டும் நம்பி அந்தக் கருவி பிறந்தது. பிறகு மென்பொருளைப் புதுப்பித்துச் சரிசெய்ய வழியும் இல்லை. வைஃபையில் பேசும் நிரல், கருவியில் செருகும், இணையத்தில் ஆடக்கூடிய ஒவ்வொரு விளையாட்டு அட்டைக்குள்ளும் பதிந்து வருகிறது. அட்டை அச்சான நாளில் என்ன இருந்ததோ, இன்றும் அதுவே. பதினைந்து கோடிக்கு மேல் விற்ற கருவி இது. அத்தனை வீடுகளில் எத்தனை ரூட்டர்களின் பூட்டு இதற்காகத் தளர்த்தப்பட்டிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அதே சமயத்தில் வந்த சோனி நிறுவனத்தின் கையடக்கக் கருவியான பிஎஸ்பிக்கு அந்தக் கதி நேரவில்லை. 2005-இல் மென்பொருள் புதுப்பிப்பு மூலமாகவே அது டபிள்யூபிஏவைக் கற்றுக்கொண்டது. அதற்கும் வயதாகிவிட்டது, ஆனால் வழி திறந்தே இருந்தது.

நின்டெண்டோவின் டிஎஸ்ஐ என்ற பிந்தைய கருவியில் இன்னொரு விசித்திரம். இணைப்பு அமைப்பில் ஆறு இடங்கள் இருக்கும். முதல் மூன்றுக்கும் பழைய டபிள்யூஇபி மட்டும்தான். நான்கு, ஐந்து, ஆறுக்கு டபிள்யூபிஏ2 போடலாம், ஆனால் அவற்றைப் புதிய டிஎஸ்ஐ மென்பொருள்கள்தான் பயன்படுத்தும். பழைய டிஎஸ் அட்டையைச் செருகினால் முதல் மூன்றைத் தாண்டிப் பார்க்காது. அதற்கும் பிறகு வந்த 3டிஎஸ் கருவியும் தன்னளவில் டபிள்யூபிஏ2 அறிந்ததுதான், பழைய அட்டை உள்ளே போனதும் அதுவும் 2004-க்குத் திரும்பிவிடும். "புதுக் கருவிதானே, ஏன் இணையவில்லை?" என்று பெற்றோர் திகைப்பது இந்த இடத்தில்தான்.

ஒவ்வொரு வைஃபை கருவிக்கும் முகவரி என்று ஓர் அடையாள எண் உண்டு; சிலர் ரூட்டரில் அந்தக் கருவியின் முகவரியை மட்டும் அனுமதித்துவிட்டால் போதும் என்பார்கள். அந்த முகவரி காற்றில் திறந்தே போகிறது. கேட்கிறவன் அதைத் தனதாக்கிக்கொள்ள ஒரு நொடி போதும். வைஃபை பெயரை மறைத்துவைப்பதாலும் பயனில்லை. அந்நியன் நம் வைஃபையில் புகுந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு 2008 ஜூலையை நினைவூட்டுகிறேன். அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒருவருடைய வீட்டு இணைய இணைப்பின் வழியாகப் போயிருந்தது. விசாரணை முதலில் அந்த வீட்டு வாசலில்தான் வந்து நின்றது.

அப்படியானால் பையன் விளையாடவே கூடாதா? கூடும். நான் அன்றிரவே அக்கா வீட்டு ரூட்டரை டபிள்யூபிஏ2-க்குத் திருப்பிவிட்டு, பரணில் கிடந்த பழைய ரூட்டர் ஒன்றை எடுத்தேன். அதை டபிள்யூஇபி பூட்டோடு தனி வலையமைப்பாக, வீட்டின் மற்றக் கருவிகளைத் தொடமுடியாதபடி அமைத்தேன். ஐந்து ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை டிஎஸ் பார்க்கவே பார்க்காது, ஆகவே 2.4 ஜிகாஹெர்ட்ஸ். வைஃபையின் பழைய 'பி' வகை வேகங்களையும் அனுமதிக்க வேண்டும். டிஎஸ்ஸின் வேகம் நொடிக்கு 2 மெகாபிட்தான், புது வேகங்கள் மட்டும் என்று வைத்தால் அதற்குக் காது கேட்காது. விளையாடும் அரை மணி நேரம் அந்த ரூட்டரின் சுவிட்ச் போடப்படும், முடிந்ததும் அணைக்கப்படும். சுவிட்ச் அக்காவின் பொறுப்பு.

நின்டெண்டோ இந்தக் கருவிக்கான தன் இணையச் சேவையை 2014 மே 20-இல் நிறுத்திவிட்டது. இன்று இருப்பவை ரசிகர்கள் நடத்தும் சர்வர்கள். அவற்றுக்குப் போக, இணையத்தில் வழி சொல்லும் சர்வரின் முகவரியான டிஎன்எஸ் எண்ணை மாற்றச் சொல்வார்கள். கருவியில் மட்டும் மாற்றுங்கள், ரூட்டரில் ஒருபோதும் மாற்றாதீர்கள். ரூட்டரில் மாற்றினால் வீட்டிலுள்ள எல்லோருக்கும் வழி சொல்லும் வேலையை முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒப்படைத்ததாகும். பக்கத்தில் உட்கார்ந்து விளையாட இதெல்லாம் எதுவுமே வேண்டாம். இரண்டு டிஎஸ்கள் ரூட்டர் இல்லாமல் நேரடியாகவே பேசிக்கொள்ளும். எதிர்வீட்டுச் சிறுமியிடமும் ஒன்று இருப்பது தெரிந்த பிறகு, பரண் ரூட்டருக்கு வேலை குறைந்துவிட்டது.

ஒன்றே ஒன்றைச் சொல்லிவிட்டு விடைபெறுகிறேன். இந்தக் கருவியை விற்கும்போதோ பிறருக்குக் கொடுக்கும்போதோ உங்கள் வைஃபையின் சாவியும் அதனுடனே போகிறது. முதல் டிஎஸ்ஸில் வைஃபை அமைப்புப் பக்கம் கருவியின் முகப்பில் கிடையாது, இணையத்தில் ஆடும் விளையாட்டு அட்டை ஒன்றைச் செருகினால்தான் திறக்கும். அட்டைகளை முதலில் விற்றுவிட்டால் அழிக்க வழி இருக்காது. ஆகவே அட்டை கையில் இருக்கும்போதே அந்தப் பக்கத்துக்குப் போய், இணைப்பு விவரங்களை அழித்துவிட்டு, பிறகு கொடுங்கள். நன்றி, வணக்கம்.