டெர்மினலில் மொத்தமாகப் பெயர் மாற்றும்போது ஸ்டாரை யார் படிக்கிறார்கள்?

வணக்கம் மக்களே. திரையில் ஒரு ஃபோல்டர் தெரிகிறது பாருங்கள், உள்ளே இருக்கும் படங்களின் பெயர் எல்லாம் ஜேபிஈஜி என்று முடிகிறது, நமக்கு ஜேபிஜி என்று வேண்டும். விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்டில் இது சுலபம்: ரென், ஸ்டார் டாட் ஜேபிஈஜி, ஸ்டார் டாட் ஜேபிஜி, எண்டர், முடிந்தது. ரென் என்பது பெயர் மாற்றும் கமாண்ட், ஸ்டார் என்பது * குறி, எந்தப் பெயரானாலும் சரி என்று அர்த்தம்.

அதே பழக்கத்தில் லினக்ஸிலோ மேக்கிலோ, அங்கே பெயர் மாற்றும் கமாண்டான எம்வி போட்டு இரண்டு ஸ்டார் அடிக்காதீர்கள், தயவு செய்து. ரென் ஸ்டாரைத் தானே படித்துப் புரிந்துகொள்ளும். எம்வி அப்படி இல்லை, நீங்கள் எண்டர் தட்டியதும் ஷெல், அதாவது நாம் அடிக்கும் கமாண்டை வாங்கி ஓட்டும் புரோகிராம், முந்திக்கொண்டு அந்த ஸ்டாரை விரித்து, பொருந்துகிற ஃபைல் பெயர்களை வரிசையாக எழுதி எம்வியிடம் கொடுத்துவிடும், அதனால் எம்விக்கு ஸ்டார் இருந்ததே தெரியாது. பெரும்பாலும் ஒரு எரர் வந்து நின்றுவிடும், நல்லது. ஆனால் ஃபோல்டரில் சரியாக ஒரு ஜேபிஈஜியும் ஒரு ஜேபிஜியும் மட்டும் இருந்தால்? முதல் படம் இரண்டாவதன் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். ஒரு வார்த்தை கேட்காது. பழைய படம் ட்ராஷுக்கும் போகாது.

சரி, சரியான வழி ஃபார் லூப். ஃபார் எஃப் இன் ஸ்டார் டாட் ஜேபிஈஜி என்று தொடங்கி, டூ போட்டு, ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித்தனியாக எம்வி ஓட விட்டு, டன் போட்டு முடிக்கிறோம். புதுப் பெயருக்கு, டாலர் குறி போட்டு, அடுத்து நெளிவு அடைப்புக்குள் எஃப் எழுதி, பக்கத்தில் ஒரு சதவீதக் குறி, அப்புறம் டாட் ஜேபிஈஜி. அது வாலை மட்டும் வெட்டித் தரும், பின்னால் நாம் டாட் ஜேபிஜி ஒட்டிக்கொள்ளலாம். பழைய பெயர், புதுப் பெயர் இரண்டையும் டபுள் கோட்டுக்குள் வையுங்கள், இல்லையென்றால் பெயரில் ஒரு ஸ்பேஸ் இருந்தாலே எம்வி அதை இரண்டு ஃபைலாக எடுத்துக்கொள்ளும்.

முதல் தடவை ஓட்டும்போது எம்விக்கு முன்னால் எக்கோ என்று சேர்த்துவிடுங்கள். எதுவும் மாறாது, என்னென்ன மாறப்போகிறது என்று மட்டும் திரையில் வரும், அதை மேலிருந்து கீழ் வரை நிதானமாகப் படியுங்கள், எனக்கு இந்த ஒரு பழக்கம்தான் எல்லாவற்றையும் விட முக்கியம். பிறகு எக்கோவை எடுத்துவிட்டு, எம்வியோடு மைனஸ் என் சேர்த்து ஓட்டினால், ஏற்கெனவே இருக்கும் ஃபைல் மேல் அது எழுதாது.

ரீநேம் என்றே ஒரு கமாண்ட் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் அந்தப் பெயரில் இரண்டு வேறு வேறு புரோகிராம்கள். உபுண்டு, டெபியன் என்ற லினக்ஸ் வகைகளில் கிடைப்பது பெர்ல் மொழியில் எழுதியது, அதற்கு ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது எழுத்துகளின் அமைப்பைச் சொல்லும் குறியீடு, கொடுக்க வேண்டும். ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் வகையில் வருவது யூட்டில் லினக்ஸ் தொகுப்பைச் சேர்ந்தது, பழைய சொல், புதுச் சொல் என்று நேரடியாகக் கொடுத்தால் போதும். இணையத்தில் எடுத்த வரி உங்களிடம் ஓடவில்லை என்றால் முதலில் மேன் ரீநேம் அடித்து, வரும் உதவிப் பக்கத்தில் எது என்று பாருங்கள். இரண்டிலும் மைனஸ் என் என்றால் வெள்ளோட்டம் மட்டும்தான். எம்வியில் அதே எழுத்துக்கு அர்த்தமே வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக வரிசை எண். 1, 2, 10 என்று வைத்தால் ஃபைல் பெயர்களைக் காட்டும் எல்எஸ் கமாண்டின் பட்டியலில் 10 வந்த பிறகுதான் 2 வரும், அதனால் எண்ணை வேண்டிய வடிவில் எழுதித் தரும் பிரிண்ட்எஃப் கமாண்டை வைத்து 001, 002 என்று மூன்று இலக்கமாக்குங்கள். ஏற்கெனவே எண் போட்ட ஃபைல்களை ஒன்று தள்ளி எண்ணுவதென்றால், 002 புதிதாக 003 ஆகும் நேரத்தில் பழைய 003 இன்னும் அங்கேயே இருக்கும், ஆகவே புதுப் பெயர்களுக்கு முன்னால் வேறொரு சொல்லைச் சேர்த்துவிடுங்கள், அல்லது பெரிய எண்ணிலிருந்து கீழ்நோக்கி வாருங்கள்.