வாடிகன்ல இருந்து தீபாவளி வாழ்த்தா?! நம்ம குமரிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

(திரையில்: அகல் விளக்கு, பின்னால் புனித பேதுரு பேராலயக் குவிமாடம்)

தீபாவளிக்கு உங்களுக்கு யாரெல்லாம் வாழ்த்து அனுப்புறாங்க? சொந்தக்காரங்க, ஜவுளிக்கடை, நகைக்கடை, லோன் வேணுமான்னு கேட்டுக்கிட்டே இருக்கிற பேங்க். இந்த வரிசையில வாடிகனும் இருக்கு மக்களே! சும்மா அடிச்சு விடல. 1995-ல இருந்து வருஷம் தவறாம இந்துக்களுக்குன்னு தனியா ஒரு தீபாவளிச் செய்தி ரோம்ல இருந்து வருது. ரம்ஜான் வாழ்த்து அதுக்கும் ரொம்ப முன்னாடியே, 1967-லயே ஆரம்பிச்சாச்சு.

இதை அனுப்புறதுக்குன்னே அங்க ஒரு துறை இருக்கு. பல்சமய உரையாடல் துறை. 2025 ஜனவரியில இருந்து அதுக்குத் தலைவர் கர்தினால் ஜார்ஜ் ஜேக்கப் கூவக்காட். எந்த ஊர்க்காரர்? சங்கனாச்சேரி! களியக்காவிளை தாண்டி அப்படியே வடக்க போனா வந்துரும். மீன்குழம்புல புளிக்குப் பதிலா குடம்புளி போடுற ஊர்க்காரர் ஒருத்தர் உலகத்துல இருக்கிற எல்லா மதத்தோடயும் பேசுற பொறுப்புல உக்காந்திருக்கார்.

சரி, இதை ஏன் நாகர்கோவில்ல இருந்து நான் பேசணும்? இந்த ரெண்டு எண்ணைப் பாருங்க.

(திரையில்: 48.65 / 46.85)

2011 கணக்கெடுப்புல கன்னியாகுமரி மாவட்டம். இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85 சதவீதம், முஸ்லிம்கள் 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. பாதியைத் தாண்டினவங்க யாருமே இல்ல! அதனால மத்த ஊர்ல பல்சமய உரையாடல்ங்கிறது கருத்தரங்குத் தலைப்பு. இங்க அது தெருவுல நடக்கிற விஷயம்.

வரலாறை வேகமா ஓட்டிருவோம், தூக்கம் வர்ற பகுதி இது. ரெண்டாம் வத்திக்கான் சங்கம், அதாவது உலகம் பூரா உள்ள கத்தோலிக்க ஆயர்கள் (பிஷப்மார்) வாடிகன்ல கூடின மாநாடு. 1965 அக்டோபர் 28, ‘நோஸ்த்ரா எத்தாத்தே’ங்கிற அறிக்கை. ஆதரவா 2,221 ஓட்டு, எதிர்த்து 88. முதல்ல யூதர்களைப் பத்தி மட்டும் எழுதத்தான் ஆரம்பிச்சாங்க. அப்போ எங்களைச் சுத்தி இருக்கிறவங்க என்ன ஆச்சுன்னு அரபு நாடு, ஆசியா பக்கத்து ஆயர்கள் கேட்க, இஸ்லாம், இந்து, பௌத்தம் எல்லாம் உள்ள வந்துச்சு. இந்த மதங்கள்ல உண்மையா, புனிதமா இருக்கிற எதையும் திருச்சபை ஒதுக்கித் தள்ளாதுன்னு எழுதினாங்க. முடிஞ்சது வரலாறு.

அதுல இந்து மதத்தைப் பத்தி எவ்வளவு இருக்கு தெரியுமா? லத்தீன்ல ஒரே ஒரு வாக்கியம். ஆனா அந்த ஒத்தை வாக்கியத்துல புராணம், தத்துவம், தவம், தியானம் எல்லாத்தையும் சொல்லிட்டு, அன்போடயும் நம்பிக்கையோடயும் கடவுள்கிட்ட அடைக்கலம் தேடுறதுன்னு முடிக்கிறாங்க. சுசீந்திரத்துல தாணுமாலயன் முன்னால கண்ணை மூடி நிக்கிற ஒரு பாட்டியை நினைச்சுப் பாருங்க. அப்படியே அதுதான்!

இப்போ நான் வீடியோ போட்டதே எதுக்குன்னா, இந்தக் கதைக்குத்தான்.

(திரையில்: கோட்டாறு சவேரியார் பேராலயம், திருவிழா விளக்கு அலங்காரம்)

கோட்டாறு சவேரியார் கோயில். டிசம்பர் 3 வந்தா மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. உள்ள போனா பெரிய மெழுகுவர்த்தி, மாலை, நேர்ச்சை. வரிசையில நிக்கிறவங்கள்ல பாதிப் பேர் நெத்தியில சந்தனமோ குங்குமமோ இருக்கும், யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. இந்தக் கோயிலுக்கு இடம் கொடுத்ததே அன்னைக்கு இருந்த வேணாட்டு ராஜாதான்னு வழிவழியா சொல்லுவாங்க.

ஆனா அந்தச் சவேரியார் இருக்காரே, 1544-ல நம்ம கடற்கரையில நடந்து திரிஞ்சவர். அவர் ரோமுக்கு எழுதின கடிதங்களை வாசிச்சா நமக்கே ஒரு மாதிரி ஆயிரும். இங்க உள்ள சாமி சிலைகளைப் பத்தியும் பூசாரிமாரைப் பத்தியும் அவ்வளவு காட்டமா எழுதியிருக்கார். மறைக்க வேண்டியதில்ல, அந்தக் காலத்து ஐரோப்பியப் பாதிரியார் அப்படித்தான் யோசிச்சார்.

அப்படியே 420 வருஷம் தள்ளி வாங்க. 1964. இந்தியாவுக்கு வந்த முதல் திருத்தந்தை, அதாவது போப், ஆறாம் பவுல். பம்பாய்ல நற்கருணை மாநாடு, கத்தோலிக்கர்களோட உலக மாநாடு. பிற சமயத் தலைவர்கள் முன்னால எழுந்து பேசுறார். பேச்சுக்கு நடுவுல எதை எடுத்துச் சொல்றார்? பைபிள் வசனம் இல்ல. பிருகதாரண்யக உபநிடதம்! ‘பொய்மையில் இருந்து மெய்மைக்கு, இருளில் இருந்து ஒளிக்கு, சாவில் இருந்து சாகாமைக்கு என்னை அழைத்துச் செல்’ங்கிற அந்த வேண்டுதல். அது என்ன தேதி? டிசம்பர் 3! சவேரியார் திருநாள் அன்னைக்கே!

எனக்கு இது தெரிஞ்சப்போ புல்லரிச்சுப் போச்சு. அவர் வேணும்னே அந்தத் தேதியைப் பார்த்துப் பேசினாரா, தானா அமைஞ்சுதா, அதுக்குள்ள நான் போகல. ஆனா இங்க கோட்டாறுல திருவிழாக் கூட்டத்துல இந்துவும் கிறிஸ்தவனும் தோளோடு தோள் இடிச்சுக்கிட்டு நிக்கிற அதே நாள்ல, அங்க பம்பாய்ல ஒரு திருத்தந்தை உபநிடதம் சொல்லிட்டிருந்தார். இதுக்கு ஒரு லைக் போடலைன்னா எதுக்குத்தான் போடுவீங்க?

கமெண்ட்ல வரப்போறதை இப்பவே சொல்றேன். ஒரு பக்கம், ‘இது மதமாத்த புது டெக்னிக்’. இன்னொரு பக்கம், ‘சர்ச் விக்கிரக ஆராதனைக்குப் போயிருச்சு’. ரெண்டு பேரும் ஒரே தெருவுலதான் இருப்பீங்க, போய் ஒண்ணா டீ குடிங்க! விஷயம் என்னன்னா, வாடிகன் இதுல ஒளிச்சு வச்சு விளையாடல. உரையாடல் வேற, நற்செய்தி அறிவிப்பு வேற, எங்களுக்கு ரெண்டும் வேணும்னு 1991-ல வெளிவந்த ஆவணத்துல பட்டவர்த்தனமா எழுதியிருக்காங்க. உங்களுக்கு அது பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். எதிர்ல உக்காந்திருக்கிறவர் என்ன நம்புறார்னு தெரிஞ்சு பேசுறதுதான் நல்லதுன்னு நான் நினைக்கிறேன்.

அதே ஆவணத்துல உரையாடலை நாலு வகையாப் பிரிக்கிறாங்க. அக்கம்பக்கமா வாழ்றது, சேர்ந்து வேலை செய்றது, அறிஞர்கள் பேசுறது, ஆன்மிக அனுபவத்தைப் பகிர்றது. நம்ம ஊர்ல போட்டோவுக்கு வர்றது அஞ்சாவது வகை! மூணு மதத்துக்காரங்க சேர்ந்து ஒரே குத்துவிளக்கு ஏத்துவாங்க, சால்வை போடுவாங்க, கலைஞ்சிருவாங்க. எனக்கு அதுல பெரிய மரியாதை கிடையாது.

முதல் வகை மட்டும் இருந்தாப் போதுமா? அதுக்குப் பதில் மண்டைக்காடு.

1982 மார்ச். பகவதி அம்மன் கோயில் மாசிக் கொடை. ஒரு பக்கம் பக்தர்கள், பக்கத்துலயே கத்தோலிக்க மீனவக் கிராமம், முன்னால கடல். தலைமுறை தலைமுறையா அடுத்தடுத்து வாழ்ந்தவங்கதான். ஆனாலும் கலவரம் வெடிச்சுது, துப்பாக்கிச் சூடு வரைக்கும் போச்சு, உயிர் போச்சு. நீதிபதி வேணுகோபால் கமிஷன் விசாரிச்சுது. எங்க மாவட்டத்துல வயசானவங்க இன்னைக்கும் அதைக் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவாங்க.

அப்போ இங்க வந்து அமைதிக்காக உழைச்சவர் குன்றக்குடி அடிகளார். சைவ மடத்துத் தலைவர், காவி கட்டினவர். உரையாடல்னா இதுதான். எல்லாம் நல்லா இருக்கும்போது பேசுறதுக்கு ஆயிரம் பேர் வருவாங்க. ஊரே கொதிக்கும்போது எதிர்த்தரப்பு வீட்டுத் திண்ணையில போய் உக்கார ஆள் வேணும்.

சூஃபி ஞானி தக்கலை பீர் முகமது அப்பா, அய்யா வழியைத் தந்த சாமித்தோப்பு அய்யா வைகுண்டர் எல்லாம் இதுல வரணும், தெரியும், திட்டாதீங்க. திருவிதாங்கூர் அரண்மனையில வேலை பார்த்து, கிறிஸ்தவரா மாறின புனித தேவசகாயத்துக்கு முழு வீடியோவே போடணும். 2022-ல புனிதர் பட்டம் கொடுத்தாங்க, அவர் கதையில ராஜா, சாதி, மதம், டச்சுத் தளபதி டிலனாய் எல்லாம் இருக்கு. அவசரமாப் பேசினா அடி எனக்குத்தான் விழும்.

இப்போ குமரி மக்களுக்கு மட்டும் ஒரு கேள்வி. உங்க ஊர்ல கோயில் கொடையும் சர்ச் திருவிழாவும் ஒரே வாரத்துல வந்தா, குழாய் ஸ்பீக்கரை எந்தப் பக்கம் திருப்பிக் கட்டணும், பக்கத்துல பூசை நடக்கும்போது எத்தனை மணிக்கு மைக்கை நிறுத்தணும், சப்பரம் போகும்போது மேளத்தை எங்க நிப்பாட்டணும்னு யாரு பேசி முடிக்கிறா? பங்குப் பேரவை (சர்ச் நிர்வாகக் குழு) துணைத் தலைவரா, கோயில் டிரஸ்டியா, ஊர்த் தலைவரா, இல்ல போலீஸ் ஸ்டேஷனா? பேரு வேண்டாம், ஊரை மட்டும் சொல்லி கமெண்ட்ல போடுங்க. ஸ்டேஷன்னு எழுதுற ஊர்தான் அதிகமா இருந்தா, அடுத்த வீடியோ அதைப் பத்தித்தான்.