மயங்கி விழுந்தவருக்குத் தங்கம்! கராத்தேயா, டேக்வாண்டோவா: எதில் சேரலாம்?

வணக்கம் மக்களே!

2021 ஆகஸ்ட் 7, டோக்கியோ ஒலிம்பிக்ஸ். கராத்தே, 75 கிலோவுக்கு மேற்பட்ட ஆண்கள் பிரிவின் இறுதிப் போட்டி. சவூதி அரேபியாவின் தாரெக் ஹமீதி 4–1 என்று முன்னால் இருக்கிறார். ஜெயித்தால் அவர் நாட்டுக்கே அதுதான் முதல் ஒலிம்பிக் தங்கம். காலைத் தூக்கி ஒரு கிக் விடுகிறார். எதிரே நின்ற ஈரான் வீரர் சஜாத் கஞ்ச்சாதேயின் தலைப்பக்கம் விழுகிறது. ஆள் அப்படியே சாய்ந்துவிட்டார், நினைவே இல்லை. ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போகிறார்கள். நடுவர்கள் கூடிப் பேசுகிறார்கள்.

தங்கம் யாருக்கு? ஸ்ட்ரெச்சரில் போனவருக்கு!

ஹமீதி தகுதி நீக்கம். காரணம், அளவுக்கு மீறி அடித்துவிட்டார். அந்தக் கராத்தே விதிப்படி தலைக்குக் கிக் விடலாம், ஆனால் கட்டுப்பாட்டோடு விட வேண்டும். முழு வேகத்தில் போய், தொடும் இடத்தில் நிறுத்தத் தெரிய வேண்டும்.

இப்போது இதைக் கேளுங்கள். அதே கிக்கை அவர் கொரியத் தற்காப்புக் கலையான டேக்வாண்டோவின் களத்தில் அடித்து, எதிராளி எழுந்திருக்க முடியாமல் போயிருந்தால், நாக்-அவுட். தங்கம் ஹமீதிக்கு. அதே கால், அதே அடி, முடிவு மட்டும் தலைகீழ். 'எது ஸ்ட்ராங், எது வீக்' என்று கேட்பதை விட்டுவிட்டு, 'எதற்குப் புள்ளி தருகிறார்கள்' என்று பாருங்கள். எதற்குப் புள்ளி கிடைக்கிறதோ, உடம்பு அதைத்தான் பழகும்.

வரலாறு ஒரே மூச்சில்: ஜப்பானின் தெற்குத் தீவான ஒகினாவாவில் பிறந்த கராத்தேயை ஃபுனாகோஷி என்ற ஆசிரியர் 1922-இல் டோக்கியோவில் செய்து காட்டினார், ஜப்பானுக்குப் படிக்கப் போன கொரிய இளைஞர்கள் அதைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள், 1955-இல் 'டேக்வாண்டோ' என்று பெயர் வந்தது. கொரியாவின் பழைய கால்சண்டைக் கலையான டெக்கியோன்தான் வேர் என்பவர்களும் உண்டு. சரி, போதும்.

கராத்தே ஸ்பாரிங், அதாவது இரண்டு பேர் மோதிப் பழகும் ஆட்டம், முன்பு எப்படி இருந்தது? ஒரே அடி. சுத்தமாக ஒரு அடி இறங்கினால் ஆட்டமே முடிந்தது. அதனால் இரண்டு பேரும் அசையாமல் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். அப்புறம் புள்ளிக் கணக்கு வந்தது. கையால் குத்தினால் 1, உடம்பில் கிக் 2, தலையில் கிக் 3, எட்டுப் புள்ளி வித்தியாசம் வந்தால் ஆட்டம் முடிந்தது. இப்போது எல்லோரும் துள்ளிக்கொண்டே ஆடுகிறார்கள். 'அடியை நிறுத்துவதெல்லாம் எங்களுக்கு வேண்டாம், நிஜமாகவே அடிப்போம்' என்று தனி வழி போனது கியோகுஷின் என்ற கராத்தே பிரிவு. அதைத் தொடங்கிய மாஸ் ஒயாமா, பிறப்பால் கொரியர்!

ஆனால் என்னை உண்மையிலேயே ஆச்சரியப்படுத்தியது டேக்வாண்டோவின் கதைதான். இதற்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

(திரையில்: பெய்ஜிங், 2008)

அப்போதெல்லாம் நடுவர்கள் கண்ணால் பார்த்து, பட்டனை அழுத்திப் புள்ளி கொடுப்பார்கள். அடி 'பட்'டென்று கேட்க வேண்டும், உடம்பு அதிர வேண்டும். அதனால் பின்காலைச் சுழற்றி, இடுப்பு முழுவதையும் போட்டு அடித்தார்கள். பெய்ஜிங்கில் பிரிட்டனின் சாரா ஸ்டீவன்சன், இரண்டு முறை ஒலிம்பிக் சாம்பியனான சீனாவின் சென் சோங்கின் முகத்தில் கடைசி விநாடிகளில் ஒரு கிக் வைத்தார். புள்ளி வரவில்லை. முறையிட்டார்கள், வீடியோ பார்த்தார்கள், முடிவே மாறியது. அதே ஒலிம்பிக்ஸில் கியூபாவின் ஏஞ்சல் மாட்டோஸ், நடுவரின் முகத்திலேயே உதைத்து வாழ்நாள் தடை வாங்கினார்.

இனி கண்ணை நம்பிப் பயனில்லை என்றாகிவிட்டது. 2012 லண்டனில் உடல் கவசத்துக்குள் சென்சார், காலுறையிலும் சென்சார். 2016 ரியோவில் தலைக்கவசத்துக்கும் வந்துவிட்டது. எடைப் பிரிவுக்கு ஏற்ற குறைந்தபட்ச அழுத்தம் பட்டால் புள்ளி தானாக விழும். குத்துக்கு மட்டும் இன்னும் நடுவர் கண்தான்.

நியாயம் கிடைத்தது. ஆட்டம் மாறிப்போனது! அதிர வைக்கத் தேவையில்லை, சரியாகப் பட்டால் போதும் என்றதும், முன்காலை அந்தரத்திலேயே வைத்துக்கொண்டு வாள்சண்டை போல அந்தக் காலாலேயே ஒருவரை ஒருவர் குத்திப் பார்க்க ஆரம்பித்தார்கள். பழைய ஆட்டக்காரர்கள் மனம் நொந்தார்கள். அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. அந்தப் பின்கால் கிக்கின் அழகே வேறு.

ஆனால் விதியும் சும்மா இருக்கவில்லை. காலைச் சில விநாடிகளுக்கு மேல் அந்தரத்தில் வைத்திருந்தால் தண்டனை. சுழன்று அடித்தால் கூடுதல் புள்ளி: ரியோவில் தலையில் அடித்தால் 4, டோக்கியோவில் அது 5. அந்தக் கூடுதல் என்ன செய்யும் என்று ரியோவிலேயே பார்த்தோம். 80 கிலோ பிரிவு இறுதியில் ஐவரி கோஸ்டின் ஷேக் சிசே 4–6 என்று பின்தங்கியிருக்கிறார். நேரம் தீர்ந்தே போகிறது. ஒரே சுழற்சி, குதிகால் நேராகத் தலையில். 8–6! அவர் நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் தங்கம். நான் இதை எத்தனை முறை பார்த்தாலும் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறேன்.

சரி, நீங்கள் எதில் சேரலாம்?

கால் நன்றாகத் தூக்க வருகிறது, ஒலிம்பிக் கனவு இருக்கிறது என்றால் டேக்வாண்டோ. கராத்தே டோக்கியோவோடு சரி, 2024 பாரிஸில் இல்லை. ஆசிய விளையாட்டில் இரண்டுமே உண்டு. கையும் காலும் சேர்ந்து பழக வேண்டும் என்றால் என் ஓட்டு கராத்தேக்கு. ஒலிம்பிக் பாணி டேக்வாண்டோவில் முகத்தில் குத்தவே கூடாது. அதனால் பலருக்குக் கையைத் தொங்கவிட்டு நிற்கும் பழக்கம் வந்துவிடுகிறது. ஐ.டி.எஃப். என்ற தனி அமைப்பின் டேக்வாண்டோவில் கையுறை போட்டு முகத்திலும் குத்தலாம், அது வேறு கதை.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு மாலை வகுப்பில் உட்கார்ந்து ஸ்பாரிங் பாருங்கள். கட்டாவையோ பூம்சேயையோ (எதிராளி இல்லாமல் தனியாகச் செய்து காட்டும் அசைவு வரிசைகள்) மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மாஸ்டரிடம் நேராகவே கேளுங்கள்: 'மாஸ்டர், இங்கே ஸ்பாரிங் எந்த விதிப்படி? வாரத்துக்கு எத்தனை நாள்? தலையில் பட்டால் என்ன செய்வீர்கள்?' கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வரவில்லை என்றால், அந்த மாஸ்டர் பெல்ட் எத்தனை வாங்கியிருந்தாலும் அங்கே சேராதீர்கள், பிள்ளையையும் விடாதீர்கள்.

சென்சார் வருவதற்கு முன்னால் டேக்வாண்டோ ஆடிய அண்ணன்கள், அக்காக்கள் யாராவது பார்க்கிறீர்களா? அந்தக் காலத்துப் பின்கால் கிக்கை நடுவர் பார்க்காமல் விட்ட அனுபவம் இருந்தால் கமெண்டில் எழுதுங்கள், ஒன்றுவிடாமல் படிக்கிறேன்.