உடைப்பு எந்தக் கரையில்?

(மன்னார்குடியில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் நரம்பியல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

போன மாதம் ஒரு தாயும் மகளும் எம்.ஆர்.ஐ. படத்தோடு வந்தார்கள். மகளுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். "போன வருடம் ஒன்பது புள்ளி, இப்போது பதினொன்று. நடக்க முடியாமல் போய்விடுமா, டாக்டர்?" என்று தாய் கேட்டார். அந்தப் பெண் மாடிப்படி ஏறித்தான் வந்திருந்தாள். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

உடலின் எதிர்ப்பு சக்தியே நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் என்ற உறையை அரிக்கிற நோய் இது. அரித்த இடத்தில் விழும் தழும்புகளை 1868-இல் பாரிஸில் ஷார்கோ என்ற நரம்பியல் மருத்துவர் விவரித்தார். அவர் பார்த்தது இறந்தவர்களின் மூளையை. நாம் உயிரோடு இருப்பவர்களையே படம் பிடிக்கிறோம்; தழும்புகள் படத்தில் புள்ளிகளாகத் தெரிகின்றன. அதனால்தான் இந்த எண்ணும் பழக்கம். தொடக்கத்தில் நானும் எண்ணிப் பயமுறுத்தியவன்தான்.

நிறையப் புள்ளிகள் உள்ளவர் நடவுக்குப் போய் வருகிறார்; நாலு புள்ளிக்காரர் கோல் ஊன்றுகிறார். உங்களுக்கு இதை விளக்க நான் சிரமப்பட வேண்டியதில்லை. வயலுக்குப் பாயும் சின்னக் கன்னி வாய்க்காலில் பத்து இடம் உடைந்தாலும் வேறு வழியில் தண்ணீரைத் திருப்பிக்கொள்வீர்கள். ஆறு பிரியும் நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் ஒரே ஓர் உடைப்பு என்றால் பாமணியாற்றுக் கடைமடை வரை காயும். தண்டுவடம் அப்படிப்பட்ட இடம்: சுண்டுவிரல் பருமனுக்குள் கை கால்களுக்கான இழைகள் எல்லாம் நெருங்கிப் போகின்றன. மூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கும் மூளைத்தண்டும் அப்படியே. பெருமூளையில் வேறு பாதைகள் ஓரளவு ஈடுகட்டும்.

ஆழமும் முக்கியம். உறை மட்டும் போனால் ஓரளவு மீண்டும் வளரும். உள்ளிழையே அறுந்தால் வளராது.

இன்னொன்றுதான் எங்களைத் தூங்கவிடாதது. புதுப் புள்ளி இல்லை, திடீர்த் தாக்குதல் இல்லை. ஆனாலும் நடை தளர்கிறது. சில பழைய தழும்புகளின் விளிம்பில் அழற்சி உமிக்கனலாய்ப் புகைந்துகொண்டே இருக்கிறது, மூளையும் மெல்லச் சுருங்குகிறது. இன்றைய மருந்துகள் புதுப் புள்ளிகளை நன்றாகவே தடுக்கின்றன. இந்தக் கனலிடம் அவ்வளவு பலிப்பதில்லை.

இடையே ஒரு சொல்: சித்திரை வெயிலில் கால் துவண்டால் உடனே புதுத் தழும்பு என்று அஞ்ச வேண்டாம். சூட்டில் பழைய தழும்பே அப்படிச் செய்யும். உடல் குளிர்ந்தால் பெரும்பாலும் சரியாகும். நாள் கணக்கில் நீடித்தால் வாருங்கள்.

அந்தப் பெண்ணுக்கு வருவோம். இரண்டு புதுப் புள்ளிகளை நான் அலட்சியம் செய்யவில்லை, மருந்தை மாற்றினேன். பிறகு படத்தை உறைக்குள் போட்டுவிட்டு, தாழ்வாரத்தில் 25 அடி நடக்கச் சொல்லி நேரம் பார்த்தேன். போன முறை ஐந்து நொடி. இந்த முறையும் ஐந்து.