கல்லைக் கண்டோம், நாயைக் காணோம்

(ஊர்ப்புற நூலக வாசகர் வட்ட ஆண்டுவிழாவில் பேசியது)

அவைத்தலைவர், என் மேனாள் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, திருவிழா வேலைகளுக்கு நடுவிலும் வந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, எல்லோருக்கும் இடம் பார்த்துக் கொடுத்துவிட்டுத் தான் மட்டும் தூணோரம் நிற்கும் நூலகர் அவர்களே (ஒரு நாற்காலி போடுங்கப்பா), பெரியோர்களே, தோழர்களே, வணக்கம். ஐயா முன்னால் வரலாறு பேசுவது எனக்குக் கொஞ்சம் உதறல்தான். பத்தாம் வகுப்பில் அதே பாடத்துக்கு முப்பத்தெட்டு மதிப்பெண் போட்டவர் அவர். பேனா கையில் இல்லையே, ஐயா?

'மனிதன் கட்டியதில் மகத்தானது எது?' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று கேள்வியாகப் பிரித்துக்கொள்கிறேன். யார் தேர்ந்தெடுப்பது? எதை வைத்து? தேர்ந்தெடுத்த பிறகு என்ன செய்வது?

முதலில் பட்டியல் போட்டவர்கள் கிரேக்கர்கள். தங்களுக்குத் தெரிந்த உலகத்துக்குள் ஏழு அதிசயம் பொறுக்கினார்கள். இன்று நிற்பது கீசா பிரமிடு ஒன்றுதான். ரோட்ஸ் தீவின் வெண்கலச் சிலை அறுபது வருஷம்கூடத் தாங்கவில்லை, நிலநடுக்கத்தில் விழுந்தது.

அப்புறம் சுவிட்சர்லாந்துக்காரர் பெர்னார்டு வெபர் இணையத்திலும் போனிலும் ஓட்டு வாங்கி, 2007 ஜூலை 7 அன்று லிஸ்பனில் புது ஏழு அதிசயங்களை அறிவித்தார். யுனெஸ்கோ தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஒதுங்கிக்கொண்டது. ஒதுங்காமல் என்ன செய்யும்? ஒரே ஆள் எத்தனை ஓட்டும் போடலாமே!

என் மச்சான் போட்டார். தாஜ்மகாலை அவர் காலண்டரில் பார்த்ததோடு சரி. ஆனாலும் தேசப்பற்று. ராத்திரி முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்து எஸ்.எம்.எஸ். தட்டினார். அக்கா சாப்பிடக் கூப்பிட்டால், "இரு, ஷாஜகான் பின்தங்கிடுவார்" என்கிறார். விடிகாலை ஐந்து மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டுகிறார், கையில் காலிக் குடம். "மாப்ளே, போர் மோட்டார் நின்னுபோச்சு. மெக்கானிக்கைக் கூப்பிடணும், போன்ல காசில்ல." தாஜ்மகால் ஜெயித்தது. மச்சான் வீட்டில் அன்றைக்குக் குளியல் இல்லை.

கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பார்கள். சிற்பி செதுக்கிய கல்நாயைப் பற்றிய பேச்சு அது. எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறோம் என்றால், நாம் எப்போதும் கல்லை மட்டுமே பார்க்கிற கூட்டம், அதற்குள் இருக்கும் வேலையைப் பார்ப்பதில்லை.

அந்த ஏழில் ஒன்று ஜோர்டானின் பெட்ரா. செம்பாறையைக் குடைந்த முகப்பைத்தான் எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். அந்தப் பாலைவனத்தில் நபாத்தியர்கள் என்ற பழங்கால மக்கள் ஊராக வாழ்ந்ததே வாய்க்காலாலும் தொட்டியாலும்தான். ஊருக்குள் போகும் இடுக்குப் பாதையில் வெள்ளம் புகாதபடி அணை போட்டு, தண்ணீரைச் சுரங்கம் வழியே திருப்பினார்கள். காலப்போக்கில் அது பாழானது. 1963-ல் அதே இடுக்கில் வெள்ளம் வந்து இருபதுக்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகள் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகுதான் அணையைத் திரும்பக் கட்டினார்கள்.

அந்த ஏழில் இன்னொன்றான பெரு நாட்டு மலை ஊர் மச்சு பிச்சுவும் அப்படித்தான். அத்தனை மழைக்கும் அது சரியாமல் நிற்பது, மண்ணுக்கடியில் யாரும் பார்க்காத வடிகாலால். கல்லைக் கண்டால் நாயைக் காணோம்!

என் ஓட்டு அந்தப் பட்டியலில் இடம்பெறாத, கம்போடியாவின் பழைய கோயில் நகரமான அங்கோருக்கு. கோயிலுக்காக அல்ல, பக்கத்தில் எட்டு கிலோமீட்டர் நீளத்துக்குக் கரை கட்டிய மேற்கு பாராய் ஏரிக்காக. பதினோராம் நூற்றாண்டு ஏரி, இன்னும் அதன் மேற்குப் பாதியில் தண்ணீர் நிற்கிறது.

தலைவர் அம்மா சிரிக்கிறார்கள். நான் எங்கே வருகிறேன் என்று தெரிந்துவிட்டது. ஆமாம், நம் கண்மாய்க்குத்தான். வரத்துக்கால் முழுக்கக் கருவேலம். மடை அடைத்துக் கிடக்கிறது. மிச்சத் தண்ணீர் வழியும் கலுங்கின் குத்துக்கல் இரண்டைக் காணோம், துணி துவைக்கப் போயிருக்கின்றன. யார் வீட்டில் என்று சொல்லமாட்டேன், அவர் மூன்றாவது வரிசையில் இருக்கிறார். கண்மாய் நிறைந்திருந்தால் மச்சானின் போர் ஏன் வற்றி மோட்டார் ஏன் புகைகிறது?

மூன்றாவது கேள்விக்கு நேரமில்லை என்று தம்பி சீட்டு நீட்டுகிறார். சரி. ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கலுங்கடியில் கூடுகிறோம். மண்வெட்டி, அரிவாள் இருப்பவர்கள் எடுத்து வாருங்கள். கல் எடுத்தவர் கல்லோடு வரட்டும். மச்சானும் வருகிறார், இந்தத் தடவை போனில் காசு இருக்கிறதாம். வணக்கம்.